தார் ரோடு ஏறியதும் எடுத்துவிடுங்கள்

அம்மாபேட்டைக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ரோட்டோரமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டரில் ஆரம்பித்த தொழில். இப்போது பட்டறையில் நிற்பதில் பாதி ஜீப் வகையறா. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் எனக்கு இரண்டு விதமான போன் வரும். "அண்ணே, வண்டி வயக்காட்டுல எறங்கிடுச்சு, ஒரு டிராக்டர் அனுப்பிவைங்க" என்பது ஒன்று. நாலைந்து நாள் கழித்து அதே ஆள் மறுபடி கூப்பிடுவார்: "திருப்பத்துல வண்டி இழுத்துப் புடிக்குதுண்ணே. அடியில என்னமோ டொக்கு டொக்குங்குது." முதல் போனுக்கு டிராக்டர் டீசலோடு கணக்கு முடிந்துவிடும். இரண்டாவது போன்தான் பையைக் காலி பண்ணும்.

சேற்றில் இறங்குவதற்கு முன்னால் ஃபோர் வீல் போடவில்லை, அதனால் மாட்டிக்கொண்டார். மாட்டிய பிறகு போட்டார், வெளியே வந்தார், அந்தச் சந்தோஷத்தில் அதை எடுக்காமலே தஞ்சாவூர் வரை போய்வந்தார். இரண்டு போனுக்கும் நடுவில் நடந்த கதை பெரும்பாலும் இதுதான்.

"ஆட்டோமேட்டிக் வண்டிதானேண்ணே, அதுவாப் போட்டு அதுவா எடுத்துக்காதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிளட்சும் இல்லை, கியரும் மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தானே அவ்வளவு பணம் வாங்கினார்கள்! கேட்டவரை பிட்டுக்குள் இறக்கி அடிப்பக்கம் டார்ச் அடித்துக் காட்டுவேன். இன்ஜினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ் இருக்கும். அதன் வாலில் ஒட்டிக்கொண்டு இன்னொரு சின்னப் பெட்டி. அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து ஒரு சாஃப்ட் பின்பக்கமாக ஓடிப் பின் கிரவுனில் (அச்சின் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியலில்) சேரும். இன்னொரு சாஃப்ட் கியர்பாக்ஸுக்குப் பக்கவாட்டிலேயே முன்னோக்கித் திரும்பி முன் கிரவுனுக்குப் போகும். "எந்த கியர்ல ஓடணும்னு தீர்மானிக்கிறது முன்பெட்டி. எத்தனை சக்கரம் இழுக்கணும்னு தீர்மானிக்கிறது பின்பெட்டி. முன்பெட்டிக்கு கம்ப்யூட்டர் இருக்கு. பின்பெட்டிக்கு நீங்கதான் இருக்கீங்க தம்பி" என்பேன். பிட்டிலிருந்து மேலே வரும்போது பாதிப் பேருக்கு விஷயம் புரிந்திருக்கும்.

ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் ஆகிய இந்த இரண்டு சங்கதியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பரவலானவை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் காரில் வைத்தது. வில்லிஸ் ஜீப் 1941இல் போருக்குக் கிளம்பியது. ஒன்றோடு ஒன்று சேர நாளாயிற்று. 1963 மாடலாக வந்த ஜீப் வேகனியரில் (நம்ம ஊர் வேகன் ஆர் இல்லை) இரண்டையும் சேர்த்தே வாங்க முடிந்தது. நம் நாட்டில் மகிந்திரா 1947லேயே வில்லிஸ் ஜீப்பைக் கோக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பழைய ஜீப்பில் தரையிலிருந்து மூன்று குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று கியர், ஒன்று முன் அச்சைச் சேர்க்க, ஒன்று ஹையும் லோவும் மாற்ற. மூன்றையும் கையால் பிடித்து ஓட்டியவர்களுக்கு எது எந்தப் பெட்டி என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்றைக்குக் கியர் தானாக விழுவதால், மற்றதும் தானாக விழும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

2020 அக்டோபரில் வந்த மகிந்திரா தாரில் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் உண்டு. ஆனாலும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி லிவர், கையால்தான் தள்ள வேண்டும். 2023இல் வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியும் அப்படித்தான். இப்போதைய ஃபார்ச்சூனரிலும் இசுசு வி-கிராஸிலும் லிவருக்குப் பதில் குமிழ். ஸ்கார்ப்பியோ-என், தார் ராக்ஸ் போன்றவற்றில் மின்மோட்டார் மாற்றிக்கொடுக்கும். லிவரோ குமிழோ பட்டனோ, மாற்றச் சொல்கிற வேலை ஓட்டுகிறவருடையது. இன்னொரு விஷயம், தாரில் 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மாடலும் விற்கிறார்கள். பார்ப்பதற்கு அதே வண்டிதான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் உள்ளே இரண்டாவது லிவர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். வாங்கி வந்து என்னிடம் ஃபோர் வீல் எங்கே என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

2எச், 4எச், 4எல் என்று எழுதியிருக்கும். 2எச் என்றால் பின் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும், முன் சாஃப்டுக்கு இன்ஜினோடு தொடர்பு கிடையாது. அன்றாட ஓட்டத்துக்கு இதுதான். 4எச் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் சாஃப்டையும் பின் சாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பூட்டு என்றால் உண்மையான பூட்டு. பின்சாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்சாஃப்டும் ஒரு சுற்றுத்தான், கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. சேற்றில் அதுதான் பலம். தார் ரோட்டில் அதுவே வினை.

ஏன் என்று பட்டறை வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டே காட்டுவேன். வண்டி திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே பாதையில் போவதில்லை. முன்சக்கரம் வெளிவட்டம், பின்சக்கரம் உள்வட்டம். தாருக்கு இரண்டு அச்சுக்கும் இடையில் 2.45 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு முழு வட்டம் அடித்தால் அது ஓடும் தூரம் 31.4 மீட்டர். அதே வட்டத்தில் முன் அச்சின் நடுப்புள்ளி 35 மீட்டர் ஓடியாக வேண்டும். மூன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். இரண்டு சாஃப்டும் ஒன்றாகப் பூட்டியிருக்கும்போது இந்த மூன்றரை மீட்டர் எங்கே போகும்? சேற்றில் என்றால் ஏதாவது ஒரு டயர் வழுக்கிக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது. வித்தியாசம் முழுக்க சாஃப்டிலும் அதன் மூட்டான கிராஸிலும் பல்லிலும் முறுக்காக ஏறும். ஸ்டியரிங் கனக்கும், ஆக்சிலேட்டரில் கால் வைத்தும் வண்டி பிரேக் பிடித்த மாதிரி நிற்கும், டயர் கீச்சிடும். நம்பாதவர்களை என் சிமெண்டுத் தரையில் 4எச் போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தச் சொல்வேன். பாதி வட்டம் வருவதற்குள் முகம் மாறிவிடும். போதும் என்று நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் போனால் எனக்குத்தான் வேலை.

முறுக்கேறிய வண்டியில் லிவர் வராது. 2எச்சுக்குத் தள்ளினாலும் 4எச் விளக்கு எரிந்துகொண்டோ மினுக்கிக்கொண்டோ இருக்கும். பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு ரிவர்ஸில் கொஞ்ச தூரம் நிதானமாகப் போங்கள். முறுக்கு அவிழ்ந்து தானே கழன்றுகொள்ளும். பட்டன் வண்டிக்காரர்கள் விளக்கு மினுக்கும்போது திரும்பத் திரும்ப அமுக்குவார்கள். மோட்டார் பல்லுக்குப் பல் பொருந்தக் காத்திருக்கிறது என்றுதான் அந்த மினுக்கலுக்கு அர்த்தம். ஒருமுறை அமுக்கினால் போதும்.

நம்ம பக்கத்து விவசாயிக்கு இதெல்லாம் புதுசே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஃபோர் வீல் டிராக்டரில் சேடை ஓட்டும்போது முன் அச்சைப் போடுவார், வயலை விட்டு ரோட்டுக்கு ஏறியதும் எடுத்துவிடுவார். யாரும் நினைவுபடுத்த வேண்டாம். அப்படிப்பட்ட டிராக்டரில் முன்சக்கரம் பின்சக்கரத்தை விடக் கொஞ்சம் முந்தி ஓடும்படியே பல் வைத்திருப்பார்கள், எடுக்காமல் ரோட்டில் ஓட்டினால் முன் டயர் ஒரே வருஷத்தில் வழுவழு என்று ஆகிவிடும். முன் டயர் விலை என்ன என்று அவருக்குத் தெரியும். அதே மனிதர் அறுவடைப் பணத்தில் மகனுக்கு வாங்கிக் கொடுத்த ஆட்டோமேட்டிக் ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. குளிர்சாதனத்தின் வேலையோ என்னவோ. "உங்க டிராக்டர நெனச்சுக்குங்க மாமா" என்பதற்கு மேல் அவர்களுக்கு நான் பாடம் எடுப்பதில்லை.

மாற்றும் முறைக்கு வருகிறேன். 2எச்சிலிருந்து 4எச்சுக்கு ஓட்டத்திலேயே மாற்றலாம். ஜிம்னிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்று கையேடு சொல்கிறது. மற்ற வண்டிகளுக்கு அவரவர் கையேட்டைப் பாருங்கள். ஆனால் வரம்பு 100 என்பதற்காக 90இல் போட வேண்டும் என்றில்லை. சக்கரம் நேராக இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும். செலக்டர் டிரைவிலேயே இருக்கட்டும். முக்கியமானது, பின்சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போது போடவே கூடாது. பின்சாஃப்ட் பறந்துகொண்டிருக்கும், முன்சாஃப்ட் அசையாமல் நிற்கும், இரண்டையும் அந்த நொடியில் கோத்தால் பல்லும் சங்கிலியும் என்ன ஆகும்? காலை எடுங்கள், சக்கரம் நிற்கட்டும், அப்புறம் போடுங்கள். அதைவிட நல்லது, வாய்க்கால் பாலம் தாண்டுவதற்கு முன்பே, காய்ந்த மண்ணில் இருக்கும்போதே போட்டுவிடுவது.

4எல் வேறு சமாச்சாரம். வண்டி முழுக்க நிற்க வேண்டும். பிரேக்கில் கால், செலக்டர் நியூட்ரல், அதன் பிறகு லிவர் அல்லது குமிழ். விளக்கு நிலையாக எரிந்த பின்தான் டிரைவ். லோவில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இன்னொரு பல்வரிசை வேலைக்கு வரும். ஜிம்னியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு: வேகம் பாதி, இழுவை இரட்டிப்பு. இதை வேகமாகத் தப்பிக்கிற வழி என்று நினைப்பவர்கள் உண்டு. இது மெதுவாகப் போகிற வழி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளில் விழுந்து கிடந்த மரங்களைச் சங்கிலி போட்டு இழுக்க எங்கள் ஆட்கள் பழைய ஜீப்போடு போனார்கள். எல்லாம் லோவில்தான். இன்ஜின் முனகிக்கொண்டு, டயர் ஒரு சுற்றுக்கூட வீணாகச் சுழலாமல், முழு மரம் அங்குலம் அங்குலமாக நகரும். அந்த வேலையில் ஆட்டோமேட்டிக் இருந்திருந்தால் இன்னும் சுலபம். அதில் கிளட்ச் தட்டுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர். இன்ஜின் சுற்று எண்ணெய் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகும், அதனால் கிளம்பும்போது வெட்டி இழுக்காது, கிளட்ச் கருகாது. ஈரக் களிமண்ணில் டயர் வழுக்காமல் நகர அது பெரிய உதவி. ஆனால் மாட்டிக்கொண்ட வண்டியை டிரைவ், ரிவர்ஸ், டிரைவ், ரிவர்ஸ் என்று அரைமணி நேரம் உறுமவிட்டால் அந்த எண்ணெய்தான் கொதிக்கும். ஒருசில தடவை முயன்று வரவில்லை என்றால் மண்வெட்டியை எடுங்கள்.

ஆற்றங்கரை மேலே வண்டி நிறுத்துகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். தார் லிவரில் 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவில் ஒரு நியூட்ரல் இருக்கிறது. இது கியர்பாக்ஸின் நியூட்ரல் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் நியூட்ரல். செலக்டரைப் பார்க்கில் போடும்போது கியர்பாக்ஸின் கடைசிச் சாஃப்டை ஒரு கொக்கி பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் வண்டி நகராமல் நிற்கிறது. பின்பெட்டி நியூட்ரலில் இருந்தால் அந்தச் சாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே அறுந்துவிடும். செலக்டர் பார்க்கில் இருக்கும், வண்டி ஆற்றை நோக்கி உருளும். லோவுக்குப் போகும் வழியில் லிவர் பாதியில் நின்றுவிட்டால் இப்படி ஆகும். நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புப் பக்கம் கரை ரோட்டில் காற்று வாங்க வருகிற பையன்களிடம் நான் ஓயாமல் சொல்வது, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குங்கள் என்பதுதான்.

கரையிலிருந்து படுகைக்கு இறங்கும்போதும் லோதான் நல்லது. டிரைவில் விட்டால் பெட்டி தானாக மேல் கியருக்குப் போய் வண்டியை ஓடவிடும். மேனுவல் பக்கம் தள்ளி ஒன்றாம் கியரில் பிடித்துக்கொண்டால் இன்ஜினே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும். ஈரக்கரையில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்று வண்டி சறுக்கும். எது மேல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் நம்ம மண் ஒத்துழைக்க வேண்டும். டெல்டா என்று ஒரே பெயர் சொன்னாலும் மண் ஒன்றல்ல. வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் செம்பொறை மண், மழையிலும் டயருக்குப் பிடி கிடைக்கும், பல நாள் 2எச்சே போதும். கொள்ளிடம் மணலில் 4எச் போட்டு, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, நிற்காமல் ஒரே சீராகப் போக வேண்டும். திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்து வண்டல் களிமண்தான் பொல்லாதது. ரெண்டு சுற்றில் டயரின் வெட்டுகளுக்குள் களி அடைத்து டயர் மொழுமொழு என்று ஆகிவிடும். அப்புறம் நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். சேடை ஓட்டிய வயலில் உழவு போகாத கெட்டித் தரை அடியில் இருக்கிறது. டிராக்டரின் கேஜ் வீல் அதைத் தொட்டு உந்திக்கொள்ளும். ஜீப் சக்கரம் அதைத் தேடி இறங்குவதற்குள் கிரவுனும் அச்சும் சேற்றை அணைகட்டித் தள்ள ஆரம்பித்துவிடும். தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210. வயிறு தட்டிய பிறகு எத்தனை சக்கரம் இழுத்தால் என்ன? சம்பா அறுப்பில் வயல் ஈரமாக இருந்தால் டயர் மெஷினை விட்டுவிட்டுச் செயின் மெஷினைத் தேடி நம்மவர்கள் அலைவதும் இதனால்தான்.

நாலு சக்கரம் இழுக்கிறது என்பதிலும் ஒரு சூது இருக்கிறது. சாதாரண கிரவுன், எந்தச் சக்கரம் லேசாகச் சுழல்கிறதோ அதற்கே சுற்றைக் கொடுக்கும். முன்னால் ஒன்று, பின்னால் எதிர்மூலையில் ஒன்று வழுக்கினால் அவை இரண்டும் சுழலும், மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். இதற்காகத்தான் சில வண்டிகளில் பின் கிரவுனுக்குத் தனிப் பூட்டு. இன்னும் சிலவற்றில் சுழல்கிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துச் சுற்றை மறுபக்கம் தள்ளுவார்கள். அப்போது ஆக்சிலேட்டரை விட்டுவிடாமல் ஒரே நிதானத்தில் வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

ஆல் வீல் டிரைவ் என்று விற்கிற சொகுசு வண்டிகளின் கதை வேறு. அவற்றில் முன்னும் பின்னும் இரும்பாகப் பூட்டிக்கிடப்பதில்லை. தேவைப்படும்போது கம்ப்யூட்டர் பார்த்து மற்ற அச்சுக்கும் சுற்றை அனுப்பும். தார் ரோட்டில் அப்படியே ஓட்டலாம், எடுக்க ஒன்றும் இல்லை. நம்ம கரை ரோட்டு மழைக்கு அது தாராளம். லோ மட்டும் பெரும்பாலும் இருக்காது.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒருமுறை அடியில் பார்த்துவிடுவது நல்லது. தாரை 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறக்கலாம் என்று கம்பெனி சொல்கிறது, நம்மவர்கள் முட்டுக்கு மேல் போய் அளந்து பார்க்கிற ஆட்கள். கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டிலும் நட்டைத் திறந்து எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பேன். பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது மண் பாதையில் கொஞ்ச தூரம் 4எச்சில் ஓட்டுங்கள். வருஷம் முழுக்கப் போடாமல் வைத்திருந்தால் முன் அச்சுப் பக்கம் எண்ணெய் சுற்றாது, தேவைப்படுகிற அன்றைக்கு லிவர் அசையாது.

டயரில் கை வைப்பதானாலும் தெரிந்து வையுங்கள். பின்னால் மட்டும் தேய்ந்தது என்று இரண்டு டயரைப் பெரிதாக மாற்றிக்கொண்டு வருவார்கள். பார்வைக்கு எடுப்பாகத்தான் இருக்கும். முன்னும் பின்னும் சுற்றளவு மாறிவிட்டால் 4எச்சில் நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏறும், திருப்பமே தேவையில்லை. நாலும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ஸ்டெப்னியையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.